ஊதா விளக்கு, காடாத் துணி, 31 இரவுகள்

இந்த விளக்கை வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு இதுவரை போனில்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓராண்டு முழுக்கப் பயன்படுத்தியாயிற்று, இனி எழுதியே வைத்துவிடலாம். பொருள் இதுதான்: அந்துப்பூச்சிகளை இரவில் வரவழைத்துப் பார்க்க உதவும் புற ஊதா எல்இடி விளக்கு செட். ஒரு சாண் நீளத்துக்கு உருளையான விளக்கு, மூன்று மீட்டர் யூஎஸ்பி வயர், மடக்குகிற முக்காலி, விளக்கைச் சுற்றி நிற்கும் வலைக் கூண்டு, எல்லாவற்றையும் போட்டுத் தூக்க ஒரு தோள்பை. மொத்த எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. நான் கொடுத்த விலை 3,400 ரூபாய், பவர் பேங்க் தனி. 2024 ஆவணியில் வாங்கினேன்.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளர். கண்ணாடிப் பெட்டிகளில் ஊசி குத்தி வைத்திருக்கும் பூச்சிகளுக்கு 19 வருடமாக நாப்தலின் உருண்டை மாற்றி வருகிறேன். அந்தப் பெட்டிகளில் பட்டாம்பூச்சி நான்கு வரிசை, அந்துப்பூச்சி ஒரே வரிசை. வெளியே இருக்கிற கணக்கு நேர் தலைகீழ். இந்தியாவில் பட்டாம்பூச்சி வகைகள் 1,300 சொச்சம்தான், அந்துப்பூச்சி வகைகளோ 10,000க்கும் மேல். அத்தனையையும் 'விளக்கில் விழுகிற விட்டில்' என்று ஒரே பெயரில் ஒதுக்கிவிடுகிறோம். மிச்சம் இருப்பவை எங்கே இருக்கின்றன என்று உயிரோடு பார்க்க வேண்டும், மலை ஏற ஏற அவை எப்படி மாறுகின்றன என்று எண்ண வேண்டும் என்ற ஆசை எனக்கு ரொம்ப நாளாக இருந்தது.

அதற்காக மூன்று இடங்களைப் பிடித்தேன். ஒன்று, நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. இரண்டு, வாடிப்பட்டியைத் தாண்டி குட்லாடம்பட்டி அருவிக்குப் போகிற பக்கம், சிறுமலையின் அடிவாரத்தில் சொந்தக்காரர் ஒருவரின் தென்னந்தோப்பு. மூன்றாவது மலைக்கு மேலே, சிறுமலைப் புதூர்ப் பக்கம் என் தோழியின் மாமா வைத்திருக்கும் தோட்டம். எலுமிச்சை, மலைவாழை, காபி, மிளகு, நடுநடுவே பலா. போன் காட்டிய உயரம் முறையே 150, 300, 1,100 மீட்டர் சுமாருக்கு. தோப்பில் நின்று அண்ணாந்தால் தோட்டம் இருக்கிற மலைதான் தெரியும். ஆனால் மேலே போக வேண்டுமென்றால் திண்டுக்கல் வழியாகச் சுற்றி 18 கொண்டை ஊசி வளைவு ஏறியாக வேண்டும். தம்பிதான் கார் ஓட்டுவான்.

ஒவ்வொரு அமாவாசையை ஒட்டியும் மூன்று இரவு, இடத்துக்கு ஒன்று. இரவு 7 மணிக்கு விளக்கைப் போட்டால் 11 மணிக்கு அணைப்பது. பௌர்ணமி வெளிச்சத்தில் விளக்குக்கு வருகிற பூச்சி குறைந்துவிடும், அதனால்தான் அமாவாசை. 36 இரவு திட்டம் போட்டு 31 இரவு நடந்தது. மழை இரண்டைத் தின்றது, காற்று இரண்டை, எனக்கு வந்த காய்ச்சல் ஒன்றை.

இந்த மாதிரிக் கணக்கெடுப்புக்கு விளக்கு வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: ஒவ்வோர் இரவும், ஒவ்வோர் இடத்திலும் அது ஒரே மாதிரி எரிகிறதா? மாடியில் ஒரு விளக்கு, மலையில் வேறு விளக்கு என்று வைத்துவிட்டு, மலையில் நிறைய வந்தது என்று எழுதினால் அது மலையின் கணக்கா விளக்கின் கணக்கா என்று யாருக்கும் தெரியாது. இந்த செட்டை நான் மெச்சுவதற்கு முதல் காரணம் அதுதான். பவர் பேங்க் தீருகிற வரைக்கும் வெளிச்சம் மங்குவதில்லை, கரண்ட் இருக்கிற இடம் இல்லாத இடம் என்ற பேதமும் இல்லை.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 20,000 எம்ஏஎச் பவர் பேங்கில் இருப்பது 74 வாட்-மணி. மாற்றும்போது விரயமாவது போகக் கையில் நிற்பது 60 சொச்சம். விளக்கு இழுப்பது 10 வாட். ஆக, ஆறு மணி நேரம் தாங்கும். என்னுடைய நான்கு மணி நேரத்துக்குத் தாராளம். மிச்சத்தில் போனையும் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பாதரச பல்பைத்தான் கட்டுவார்கள். சோக் இல்லாமல் நேரே ஹோல்டரில் மாட்டுகிற 160 வாட் பல்பு டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. அதே நான்கு மணி நேரத்துக்கு அது 640 வாட்-மணி குடிக்கும். கரண்ட் இல்லாத தோப்புக்கு ஜெனரேட்டர் தூக்க வேண்டும். சூடான கண்ணாடியில் ஒரு மழைத்துளி விழுந்தால் விரிசல். மலைத் தோட்டத்து வீட்டில் கரண்ட் உண்டு என்பதால் அங்கே இரண்டு இரவு தனியாக அதையும் போட்டுப் பார்த்தேன். வோல்டேஜ் சட்டென்று இறங்கினால் பல்பு அணைந்துவிடுகிறது. உடனே திரும்ப எரியாது. சூடு தணிந்து எரிய ஆரம்பிக்கப் பல நிமிடம் ஆகும். முதல் இரவில் மூன்று முறை அப்படி ஆனது.

இருந்தாலும் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பாதரச பல்புக்குக் கூட்டம் அதிகம். முக்கியமாகப் பருந்து அந்துக்கள், அதாவது உடம்பு தடித்து, சிறகு குறுகி, விர்ரென்று வருகிறவை, பல்புக்கு நிறைய வந்தன. ஒரே இரவில் முடிந்த அளவு வகை பார்த்துவிட வேண்டும், இடத்தில் ஒழுங்கான கரண்ட் இருக்கிறது என்றால் பல்பே மேல். ஆனால் அந்த வெளிச்சத்தில் அவை மோதி மோதிச் சிறகுச் செதிலெல்லாம் உதிர்ந்துபோகின்றன. எல்இடிக்கு வந்தவை சற்று நேரம் சுற்றிவிட்டு, விளக்கருகே கட்டியிருந்த துணியில் அமர்ந்துவிட்டன. உட்கார்ந்த பூச்சியைத்தானே நிதானமாகப் படம் எடுக்க முடியும்?

பூச்சிகள் ஏன் விளக்கைச் சுற்றுகின்றன என்பதற்கு 2024இல் வெளிவந்த ஓர் ஆய்வு நல்ல விளக்கம் சொல்கிறது. பறக்கும் பூச்சி வெளிச்சமான பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பறக்கும். இரவில் வெளிச்சமான பக்கம் என்றால் வானம். நடுவில் நாம் ஒரு விளக்கை வைத்துவிட்டால் முதுகை அதன் பக்கம் சாய்க்கிறது, சாய்ந்தபடியே பறப்பதால் வட்டமடிக்கிறது, தப்பிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. இதைப் படித்த பிறகு 11 மணிக்கு மேல் ஒரு நிமிடம்கூட விளக்கை எரியவிட எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது பற்றி. எனக்கு முதலில் வந்த செட் தவறானது. விற்றவர் பக்கத்தில் வெளிச்சத்தின் அலைநீளம் 365 நானோமீட்டர் என்று போட்டிருந்தது, கைக்கு வந்தது 395. இரண்டும் ஊதா வெளிச்சம்தான், பார்த்ததும் தெரியாது. கண்டுபிடிக்கும் வழி எளிது. இருட்டு அறையில் 500 ரூபாய் நோட்டை விளக்கின் முன் காட்டுங்கள். 365 என்றால் விளக்கு மங்கலாக, சாம்பல் கலந்த வெளிச்சமாகத் தெரியும், நோட்டின் எண்களும் உள்ளே இருக்கும் இழைகளும் பளிச்சென்று ஒளிரும். 395 என்றால் அறை முழுக்க ஊதாவாக நிறைந்து, நோட்டின் ஒளிர்வு அதில் அமுங்கிவிடும். நான் படம் எடுத்து அனுப்பியும் பணம் திரும்பி வர 23 நாள் ஆனது. இப்போது நான் வைத்திருப்பது வேறொருவரிடம் வாங்கியது. அவர் வீடியோ அழைப்பிலேயே நோட்டைக் காட்டி எரியவிட்டார், அதன் பிறகே பணம் அனுப்பினேன்.

செட்டோடு வருகிற வலைக் கூண்டை நான் இரண்டாம் மாதமே ஒதுக்கிவிட்டேன். நைலான் வலை, கண் பெரிது. சின்னப் பூச்சிகளின் கால் மாட்டுகிறது, படத்தில் பின்னால் கட்டம் கட்டமாக விழுகிறது. விளக்குத்தூண் பக்கம் போய் மூன்று மீட்டர் காடாத் துணி வாங்கினேன். முன்பு புதுமண்டபத்தில் தைத்துக்கொண்டிருந்து இப்போது குன்னத்தூர் சத்திரத்தில் உட்காரும் தையல்காரர் ஒருவர் நான்கு ஓரமும் மடித்து அடித்து, கயிறு கோர்க்க மேலே ஏழு வளையம் வைத்துக் கொடுத்தார். "கூடாரத்துக்கா அக்கா?" என்று கேட்டார். பூச்சி பார்க்க என்றதும் தையலை நிறுத்திவிட்டு, எந்தப் பூச்சி, எந்த நேரத்துக்கு வரும் என்று விவரமாக விசாரித்தார். துணியும் கூலியும் சேர்ந்து 420 ரூபாய். புதுக் காடா கொஞ்சம் பழுப்பாக, ஒளிராமல் இருக்கும். சோப்புத்தூளில் இரண்டு முறை துவைத்துவிட்டால் தூளில் இருக்கும் வெண்மையூட்டி ஏறி, புற ஊதா வெளிச்சத்தில் நீலமாக ஒளிரும். அதற்கப்புறம் வருகிற கூட்டமும் கூடியது. துணியின் ஓர் ஓரத்தில் ஒரு துண்டு கிராஃப் தாளைக் குத்தி வைத்துவிட்டால் படத்தில் பூச்சியின் அளவு கிடைத்துவிடும்.

மொட்டைமாடி இரவுகளைப் பற்றி முதலில். அம்மா உசிலம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டத்தில் வளர்ந்தவர். விடியுமுன்பே மொட்டு பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுப் பள்ளிக்கூடம் போனவர். "அமாவாசை ராத்திரியில பொம்பளப்புள்ள மலைக்குப் போவாளா" என்று முதல் மாதம் முழுக்க எதிர்ப்பு. சரி, மாடிக்காவது வந்து பாருங்கம்மா என்று கூட்டிப்போனேன். எட்டரை மணி வாக்கில் துணியில் விரல் நகத்தைவிடச் சிறிதாக, வெள்ளையில் கறுப்பு நெளிகோடுகள் போட்ட ஓர் அந்து உட்கார்ந்தது. பெயர் ஹெண்டெகாசிஸ் டூப்ளிபேசியாலிஸ். நம் ஆட்கள் மொட்டுப்புழு என்று சொல்வது இதன் புழுவைத்தான். மொட்டைத் துளைத்து உள்ளே தின்னும், மொட்டு ஊதா நிறமாகி உதிரும்.

சொன்னதும் அம்மா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இத்தன வருசம் புழுவப் பாத்திருக்கேன். இதோட தாயை இப்பத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு, எந்த மொட்டில் முட்டை வைக்கும், எத்தனை நாளில் புழு வரும், பகலில் எங்கே ஒளிந்திருக்கும் என்று வரிசையாகக் கேள்வி. சிலவற்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஊரே கொண்டாடியது. அந்தப் பூவோடு தலைமுறை தலைமுறையாக மல்லுக்கட்டுகிற இந்தச் சின்னப் பூச்சியை, மருந்தடிக்கிற கைகளில் எத்தனை பேர் முழு உருவத்தில் பார்த்திருப்பார்கள்? அன்றிலிருந்து மாடி இரவுகளில் குறிப்பு எழுதுவது அம்மாதான். நேரம், எண்ணிக்கை, காற்று உண்டா இல்லையா. கையெழுத்து என்னுடையதைவிடத் தெளிவு.

மாடியில் வேறு என்ன வந்தது என்றால் பெரும்பாலும் வயலையும் வீட்டுத் தோட்டத்தையும் சார்ந்தவை. பச்சைக் காய்ப்புழுவின் அந்து, புகையிலை வெட்டுப்புழுவின் அந்து, மழைக்குப் பிறகு ஈசலோடு ஈசலாக நெல் குருத்துப்பூச்சி. அரளிச் செடியில் வளர்கிற அரளிப் பருந்து அந்து இரண்டு முறை வந்தது. பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்த அதன் சிறகைப் பார்க்கிறவர்கள் இது நம் தெருவில் இருந்தா வந்தது என்று கேட்பார்கள். ஆமாம், எதிர்வீட்டு நந்தியாவட்டையில் அதன் புழுவையே நான் பார்த்திருக்கிறேன்.

தென்னந்தோப்பு இரவுகளில் எனக்குக் கிடைத்தது வகைகளைவிட அனுபவம்தான். ஒருமுறை அலுப்பில் துணியைக் கழற்றாமல் அப்படியே விட்டுப் படுத்துவிட்டோம். விடிகாலையில் கரிச்சான்கள் வரிசையாக வந்து துணியில் மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகக் கொத்திப் போயிருக்கின்றன. எழுந்து பார்த்தால் தரையெல்லாம் சிறகுகள் மட்டும். நாம் கூப்பிட்டு வைத்து இரையாக்கியது போல ஆகிவிட்டது. இனி இப்படி ஆகக் கூடாது என்று, விளக்கை அணைத்ததும் துணியை மெல்ல உதறிவிட்டுச் சுருட்டுகிற பழக்கம் அன்றே வந்தது. வாங்குகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். செட்டின் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதே தோப்பில் தம்பியின் கழுத்தில் சிவப்பும் கறுப்புமாக ஒல்லியான ஒரு சின்ன வண்டு ஊர்ந்தது, தட்டிவிடப் போய் நசுக்கிவிட்டான். மறுநாள் அந்த இடம் தீக்காயம் மாதிரி கொப்பளித்து ஆற பத்து நாள் ஆனது. பேடரஸ் என்கிற வண்டு அது. கடிக்காது, கொட்டாது, நசுங்கினால்தான் அதன் திரவம் தோலைப் பொசுக்கும். விளக்குக்கு அந்து மட்டும் வருவதில்லை, இதுவும் வரும். மேலே உட்கார்ந்தால் ஊதிவிடுங்கள், கை வைக்காதீர்கள். முழுக்கைச் சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

மலைக்கு வருகிறேன். தோழியின் மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. காட்டுமாடு வருகிற இடம் என்பதால் வீட்டு முற்றத்தைத் தாண்டி விளக்கு வைக்க விடமாட்டார். அது நியாயம்தான். சுற்றிலும் காப்புக்காடு, அங்கே இரவில் போக வனத்துறை அனுமதி வேண்டும். நான் பட்டா நிலத்துக்குள்ளேயே நின்றுகொண்டேன். முற்றத்துக்கும் காட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான். அந்த ஒரு வேலியைத் தாண்டி வருகிறதே, அது போதும்.

கார்த்திகை அமாவாசைக்கு முந்தின இரவு காய்ந்த இலை மாதிரி ஒரு பெரிய அந்து வந்து துணியின் மூலையில் ஒட்டியது. சற்று நகர்ந்தபோது பின்சிறகின் ஆரஞ்சு நிறம் பளீரென்று தெரிந்தது. யூடோசிமா, பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கிற அந்து. மற்ற அந்துகளின் உறிஞ்சுகுழல் மெல்லியது, இதற்கு ஊசி மாதிரி உறுதி. கிச்சிலித் தோலையே துளைக்கும். மாமாவிடம் காட்டியதும், "தாயி, பின்னாடி ரெண்டு கமலா மரம் இருக்கு, காய் பழுக்கையில ஊசி குத்துன மாதிரி ஓட்டை விழுந்து அழுகிப் போவுது. நான் ஈ குத்துதுன்னுல்ல இருந்தேன்" என்றார். உடனே டார்ச்சை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனோம். பழத்தில் மூன்று உட்கார்ந்திருந்தன. வெளிச்சம் பட்டதும் கண்கள் கங்கு மாதிரி மின்னின. இதன் புழு எங்கே வளரும் என்று கேட்டார். சீந்தில் கொடியில் என்றேன். மாமா வேலியைத் திரும்பிப் பார்த்தார். கஷாயத்துக்காக அவரே நட்டு வளர்த்த சீந்தில் அங்கே படர்ந்து கிடக்கிறது. கொடியை வெட்டவில்லை. பழத்துக்குத் துணிப்பை கட்டிவிட்டார்.

அந்தத் தோட்டத்தில் இன்னோர் இரவு, மணி 10.40. அதுவரை சின்னதும் பெரியதுமாக ஐம்பது அறுபது உட்கார்ந்திருந்தன. வெள்ளையில் சிவப்புக் கோடு போட்டவை, மரகதப் பச்சையில் தாள் மாதிரி தட்டையாக ஒட்டியவை, கண் வரைந்த கறுப்புச் சிறகோடு ஆந்தை மாதிரி ஒன்று. இருட்டிலிருந்து வெளிறிய பச்சையில் ஏதோ மிதந்து வந்தது. நிலா அந்து, ஆக்டியஸ் செலீன். பின்சிறகில் இரண்டு நீள வால், கசங்கின பட்டு நாடா மாதிரி. துணியில் உட்காரவில்லை, முக்காலியைச் சுற்றியது, தரையில் விழுந்தது, எழுந்தது, மறுபடி சுற்றியது. வளர்ந்த நிலா அந்துக்கு உண்ண வாய் இல்லை. புழுவாக இருந்தபோது ஒதிய மரத்திலோ வேறெங்கோ தின்று சேர்த்ததை வைத்துக்கொண்டு ஒரு வாரம் போலத்தான் உயிரோடு இருக்கும். அதற்குள் துணை தேடி முட்டையிட வேண்டும். அந்த வால்கூடச் சும்மா இல்லை. பறக்கும்போது அது சுழல்வதால் வௌவால் உடம்பை விட்டுவிட்டு வாலைக் குறிவைக்கிறது என்று இதன் அமெரிக்க உறவினத்தை வைத்து 2015இல் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு வார ஆயுளில் என் விளக்கடியில் எத்தனை நிமிடம் போகட்டும்? 10.46க்கு அணைத்துவிட்டேன். இருட்டில் கொஞ்ச நேரம் சிறகடிக்கும் ஓசை கேட்டது, அப்புறம் இல்லை. குறிப்பேட்டில் 'நேரக் குறைவு, 14 நிமிடம்' என்று எழுதினேன். மொத்தக் கணக்கில் விதி மீறிய இரவு அது ஒன்றுதான். இந்த செட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும்: விளக்கில் தனி ஸ்விட்ச் கிடையாது. இருட்டில் தடவி வயரைப் பிடுங்கித்தான் அணைக்க வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அந்தச் சில நொடி எனக்குப் பெரிதாக இருந்தது.

ஓராண்டுக் குறிப்பேட்டைக் கூட்டிப் பார்த்தால் மாடியில் 52 வடிவம், தோப்பில் 88, மலையில் 143. பார்வைக்கு வேறாகத் தெரிந்ததை வடிவம் என்றுதான் எழுதுகிறேன், வகை என்று எழுதவில்லை. பாதிக்கு மேல் எனக்கு முழுப்பெயர் தெரியாது. மாடியில் ஆறாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக ஒன்று வருவதே அரிதாகிவிட்டது. மலையில் கடைசி மாதம் வரை புதிது வந்துகொண்டே இருந்தது. அந்த 143இல் 61 வடிவத்தை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். ஒரு தடவை மட்டும் வருகிறவை இத்தனை இருந்தால், இன்னும் வராதவை ஏராளமாகக் காத்திருக்கின்றன என்றுதான் பொருள். அதனால் மலைக் கணக்கை நான் முடிக்கவில்லை, இரண்டாம் ஆண்டும் போகிறேன்.

பெயர் கண்டுபிடிக்க ஐநேச்சுரலிஸ்ட் செயலியையும் மாத்ஸ் ஆஃப் இந்தியா இணையதளத்தையும் பயன்படுத்துகிறேன். செயலி சிலசமயம் நம் நாட்டிலேயே இல்லாத வகையை முதல் பெயராகக் காட்டும், அதை அப்படியே ஏற்க வேண்டாம். நீலகிரியில் தேயிலைத் தோட்டம் நடத்த வந்து பூச்சிகளில் மூழ்கிய ஜார்ஜ் ஹாம்ப்சன் என்ற ஆங்கிலேயர் 1892 முதல் 1896 வரை இந்திய அந்துகளை நான்கு தொகுதிகளாக எழுதி வைத்தார். அதை இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் சிறகின் கோட்டை அவர் விவரிக்கும் துல்லியம் இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. சிறிய அந்துகள் பலவற்றை உடலுறுப்பை அறுத்துப் பார்த்தால்தான் வகை சொல்ல முடியும். நான் கொல்வதில்லை, அதனால் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறேன்.

காலம் பற்றி ஒரு வார்த்தை. ஜூலை கடைசி வாரத்தில் தேசிய அந்துப்பூச்சி வாரம் என்று 2012இலிருந்து கொண்டாடுகிறார்கள். அமெரிக்காவில் தொடங்கியது, இப்போது பல நாடுகளில் நடக்கிறது. நல்ல முயற்சி, நானும் படங்கள் அனுப்பினேன். ஆனால் நமக்கு அது ஆடி மாதம். அம்மியே பறக்கும் என்கிற காற்றில் என் முக்காலி இரண்டு முறை குப்புற விழுந்தது. எனக்கு நல்ல அறுவடை தந்தவை கோடை மழை பெய்து இரண்டு நாள் கழித்து வருகிற புழுக்கமான சித்திரை, வைகாசி இரவுகளும், ஐப்பசியின் முதல் மழை இரவுகளும்தான். காற்றில்லாமல், மேகமூட்டமாக, வியர்க்கிற மாதிரி இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

குறைகளில் பெரியது கண். பெட்டியிலோ தாளிலோ விளக்கை நேராகப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கை இல்லை. 365 விளக்கு மங்கலாகத் தெரிவதால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுவோம். முதல் மாதம் தம்பிக்கு மறுநாள் முழுக்கக் கண் சிவந்து உறுத்தியது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடி புற ஊதாவைத் தடுத்துவிடும், 120 ரூபாய்க்கு ஆளுக்கு ஒன்று வாங்கினோம். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் இது இல்லாமல் விளக்கையே போடாதீர்கள்.

அப்புறம், விளக்குக்கு மேலே மழை மறைப்பு இல்லை. தூறல் வந்தால் ஒரு எவர்சில்வர் தட்டை மேலே கட்டிச் சமாளிக்கிறேன். முக்காலியின் கால் இலேசு, ஒவ்வொன்றிலும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட வேண்டும். படம் எடுக்கும்போது எல்லாம் ஊதா படிந்து விழும். பூச்சியின் உண்மையான நிறம் வேண்டுமென்றால் பக்கவாட்டில் ஒரு சாதாரண வெள்ளை டார்ச் பிடிக்க ஆள் வேண்டும். வருத்தமான விஷயம், இந்த வேலையைத் தனியாகச் செய்ய முடியாது. விளக்கைப் பொறுத்தவரை, ஓராண்டில் ஒரு எல்இடிகூடப் போகவில்லை.

விவசாயிகள் சிலர் பூச்சி ஒழிக்க இது ஆகுமா என்று கேட்டார்கள். ஆகாது. அதற்கு விளக்குப் பொறி என்று தனியாக இருக்கிறது, வேளாண் கடைகளில் விசாரியுங்கள். இது பார்க்கவும் எண்ணவும் மட்டும்.

எனக்கு 5க்கு 4. தயாரிக்கிறவர்கள் ஒரு ஸ்விட்சும் ஒரு மூடியும் வைத்து, கண் பற்றித் தமிழில் இரண்டு வரி அச்சிட்டால் அந்த மீதி ஒன்றையும் கொடுத்துவிடுவேன். தோள்பையின் ஜிப் நான்காம் மாதமே பிய்ந்தது. குன்னத்தூர் சத்திரத்துத் தையல்காரர் 60 ரூபாய்க்குப் பித்தளை ஜிப் வைத்துத் தைத்துக் கொடுத்தார். எட்டு மாதமாக நன்றாக ஓடுகிறது.